அப்பா சொன்ன ‘சரி’

ட்ரம்பெட் பழகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது. ரொட்டியைப் பிய்த்துத் தேங்காய்ச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “சரி பாப்பா, பழகு” என்றார். அவ்வளவுதான். என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

அப்பா எதற்கும் அப்படிச் சட்டென்று சம்மதிக்கிறவர் அல்லர். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகிறார்கள் என்றால் எந்த டீச்சர் கூட வருகிறார், பஸ் யாருடையது, திரும்பும்போது இருட்டிவிடாதா என்று விசாரித்து, அம்மாவைக் கேட்டு, அக்காவைக் கேட்டு, கடைசியில் “பார்ப்போம்” என்பார். நானும் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். பதுளையிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றபடி மனதுக்குள் அவரோடு வாதாடி இரண்டு தடவை ஜெயித்தும் இருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எங்கள் வீடு பாட்டு வீடு. நமுனுகுல மலைச்சரிவில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ‘பஜனை வீடு’ என்று கைகாட்டுவார்கள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, குளித்து, ஈரத்தலையோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியை எடுத்துக்கொடுப்பாள். அக்காவின் குரலைக் கேட்கவென்றே பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். எனக்குத் தாளம்.

நானும் பாடுவேன், மோசமில்லை. ஆனால் பாடும்போது எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தில் பக்தி இருக்கிறதா என்று தேடுவதுபோல் எனக்குத் தோன்றும். இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாததால் கண்ணை மூடிக்கொள்வேன். அதைப் பார்த்து, சின்னவளுக்குத்தான் பக்தி அதிகம் என்று சிலர் சொன்னார்கள். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

பதுளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் மேலைத்தேய வாத்தியக் குழு ஒன்று தொடங்கினார்கள். வாத்தியங்கள் வந்து இறங்கிய அன்று பேண்ட் மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக் காட்டினார். ட்ரம்பெட்டை அவர் உதட்டில் வைத்ததும் வந்த சத்தம் நேராக வந்து என் நெஞ்சில் இடித்தது. அதில் குழைவு இல்லை, கெஞ்சல் இல்லை. சொல் இல்லாததால் அர்த்தமும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஊதுகிறவரின் கன்னமும் கண்ணும் படுகிற பாட்டில், அவர் முகத்தில் வேறு எதையும் யாரும் தேடமுடியாது. அன்றே பெயர் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக அனுமதித்தார்கள். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று முதல் தடவை ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. பத்துப் பன்னிரண்டு முயற்சிக்குப் பிறகு மாடு மிரண்டதுபோல் ஒரு சத்தம் கிளம்பியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வரும் ஆட்டோ வந்துவிட்டது என்று வாசலுக்கு ஓடி வந்தார்கள். கீழ் வீட்டு அண்ணன் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து சத்தம் போட்டார்.

“யாருங்க செத்தது? டவுன்ல இருந்து பேண்டு வந்திருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். உள்ளே போய்த் தன் பழைய சேலை ஒன்றை எடுத்துவந்து, “இத அந்த வாய்க்குள்ள திணிச்சிட்டு ஊது தாயி. ஒனக்கும் நல்லா இருக்கும்” என்றாள். எனக்கு என்ன நல்லா இருக்கும் என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு வீட்டில் நடந்த ஒவ்வொன்றும் எனக்கு விசித்திரமாகப்பட்டது. அக்கா என் முறைப் பாத்திரங்களைத் தானே கழுவினாள். “நீ போய்ப் பழகு” என்றாள். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. ட்ரம்பெட்டின் விசைகள் இறுகிப்போயிருக்கின்றன என்று சொன்னபோது, அப்பா தொழிற்சாலையிலிருந்து சின்னப் போத்தலில் மெஷின் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். அதன் நாற்றம் தாங்கவில்லை. ஆனால் கொடுத்தவரின் முகத்தில் ஒரு எரிச்சலும் இல்லை. நான் ஊதத் தொடங்கியதும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். மழை இல்லாத நாளிலும் குடை. எங்கே போகிறீர்கள் என்றால், “சும்மா அங்கிட்டு” என்பார்.

பிறகு ஒரு நாள், “வெள்ளிக்கெழம நீ கோயிலுக்கு வரவேணாம் பாப்பா. வீட்ல இருந்து பழகு” என்றார். கேட்டதும் துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் யோசித்தேன். காய்ச்சலில் கிடந்தபோதுகூட என்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு பஜனைக்குப் போன மனிதர் அவர்.

இதையெல்லாம் என் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் பஸ்ஸில் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

“எங்க அக்காவுக்கும் இப்படித்தான். திடீர்னு கேட்டதெல்லாம் குடுத்தாங்க. ஃபோன்கூட வாங்கிக் குடுத்தாங்க. அப்புறம் பார்த்தா பொண்ணு பார்க்க வந்துட்டாங்க.”

“எனக்குப் பதினஞ்சு வயசுதான் ஆகுது.”

“பேசி வைக்கிறதுக்கு வயசு என்னா?”

நான் அதை நம்பவில்லை. ஆனால் அந்த வாரமே, வீட்டுக்குப் பின்னால் அம்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஹல்துமுல்லையில் இருக்கும் சித்தியோடு பேசினாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள். “நல்ல எடமா இருந்தா சொல்லு. ரொம்ப மரியாதையான எடமா இருக்கணும். அவருக்கு இப்பத் தெரிய வேணாம். புள்ளைக்கும் தெரிய வேணாம்.” என் காலடிச் சத்தம் கேட்டதும், “மரக்கறியெல்லாம் என்னா வெல விக்கிது அங்க?” என்று பேச்சை மாற்றினாள்.

நான் நேராக அக்காவிடம் போனேன்.

“எனக்கு எடம் பார்க்கிறாங்களா?”

அக்கா என்னை ஒரு நிமிடம் விழித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தேவைக்கு அதிகமாக, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “ஒன்னைய யாருடி கட்டுவா, அந்தக் கொழாயோட?” என்றாள். அவள் இல்லை என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

லயத்தில் மற்றவர்களும் மாறிப்போயிருந்தார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றது. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தை மட்டும் முன்போலவே பேசினார். உறவு இல்லை, அத்தை என்று கூப்பிடுவோம். ஒரு சனிக்கிழமை நான் வாத்தியப் பெட்டியோடு பஸ்ஸுக்குப் போகும்போது நிறுத்திக் கேட்டார்.

“எங்க புள்ள, கூட்டத்துக்கா?”

எங்கள் குழுவைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “ஆமாங்க அத்த.”

“கோயில்ல தானே நடக்குது? வேதக் கோயில்ல?”

“பக்கத்து மண்டபத்துல.”

பள்ளிக்கூட மண்டபத்தின் கூரையைத் திருத்திக்கொண்டிருந்ததால், அருகிலிருந்த தேவாலயத்தின் மண்டபத்தில்தான் எங்களுக்குச் சனிக்கிழமைப் பயிற்சி. அதை விளக்கிச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“ஞாயித்துக்கெழமையும் போவியா?”

“இப்பத்தைக்குச் சனிக்கெழம மட்டும்தான் அத்த.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

கலியாணம் இல்லையென்றால் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி எங்காவது வேலைக்கு அனுப்பப்போகிறார்களோ என்றும் நினைத்தேன். எனக்கு ஏதாவது வியாதியோ என்றும் ஒரு பயம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ரத்தம் சோதித்த முடிவை அப்பாதான் வாங்கிப் பார்த்திருந்தார். அதில் எழுதியிருப்பதை என்னிடமிருந்து மறைக்கிறாரோ? அன்பாக இருப்பவர்களை வேவு பார்ப்பது எவ்வளவு களைப்பான வேலை என்பது எனக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது. அம்மா கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டால்கூட அவள் முகத்தை ஆராய்ந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊதிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போனேன். நான் இல்லாத இடத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. தேயிலைக்கு நடுவே படியிறங்கும்போதே ஆர்மோனியச் சத்தம் கேட்டது. கேட்டதும் நின்றுவிட்டேன். அது அப்பாவின் கை இல்லை.

அப்பா வாசித்தால் துருத்தி மூச்சு விடுவது தெரியாது. இது ஏறி இறங்கித் திணறியது. பாடுகிறவர்கள் ஒரு பக்கம் போக, ஆர்மோனியப் பெட்டி இன்னொரு பக்கம் போனது. கோயில் சுவரோரமாக நின்று எட்டிப் பார்த்தேன். ஆர்மோனியத்தின் முன்னால் கோயில் கமிட்டித் தலைவரின் மருமகன் உட்கார்ந்திருந்தார். மைக்கைப் பிடித்திருந்தது வேறு ஒரு பெண். அம்மாவும் அக்காவும் பெண்களோடு பெண்களாக நடுவில் இருந்தார்கள். அப்பா கடைசி வரிசையில், செருப்புகள் கழற்றி வைக்கும் இடத்துக்கு முன்னால், சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, துவைத்த வெள்ளைச் சட்டை. எல்லோரும் திருப்பிச் சொல்லும் வரியை அவரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார். மருமகன் தப்பான கட்டையை அழுத்தும்போதெல்லாம் அப்பாவின் வலது கை விரல்கள் தொடையில் அசைந்தன.

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவர்கள் வந்ததும் அம்மா வழக்கம்போலப் பிரசாதத்தை என் கையில் வைத்தாள். அப்பா, “நல்லாப் பழகினியா?” என்று கேட்டார். நான் “ஆமா” என்றேன்.

மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்த அக்காவைப் பாதி வழியில் மடக்கினேன். நேற்றுப் பார்த்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் ட்ரம்பெட் கொண்டுவந்த சில நாட்களிலேயே கமிட்டித் தலைவர் அப்பாவைத் தேடி வந்திருக்கிறார். விளக்கு வைக்கிற நேரத்தில் உங்கள் வீட்டிலிருந்து சாவு வீட்டுச் சத்தம் வருகிறது என்று லயத்தில் பேச்சு என்றாராம். பிள்ளை வேதக் கோயிலுக்கு வேறு போகிறாளாம், வீட்டோடு வேதத்துக்கு மாறப்போகிறீர்களா என்று கேட்டாராம். அப்பா இல்லை என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். தலைவர் நம்பினாரோ இல்லையோ, “ஒன்னு புள்ள அத ஊதுறத நிப்பாட்டட்டும். இல்லாட்டி பேச்சு அடங்குற வரைக்கும் பொட்டிய வேற ஆளுக்குக் குடுங்க” என்று முடித்திருக்கிறார்.

“அப்பா என்னா சொன்னாரு?”

“சரின்னாரு. அங்கேயே பொட்டிச் சாவியக் குடுத்துட்டாரு.”

“அம்மா சித்திகிட்ட எடம் கேட்டது?”

“அப்பாவுக்குத்தான்டி. அவங்க தோட்டத்துக் கோயில்ல மார்கழிக்கு வாசிக்கக் கூப்புடுவாங்களான்னு கேட்டுச்சு. பொட்டி இல்லாம அவரு திங்கவே மாட்டேங்கிறாரு.”

அன்றைய பயிற்சிக்குப் போய், ட்ரம்பெட்டைப் பேண்ட் மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். காரணம் கேட்டார். மூச்சு வாங்குகிறது என்றேன். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் இன்னும் நுரை இருந்தது.

“எங்க பாப்பா அது?”

“குடுத்துட்டேன். எனக்குப் பிடிக்கல.”

“ஏன் பிடிக்கல?”

“நீங்க போயி வாசிங்கப்பா. அவரு வாசிக்கிறது கேக்கச் சகிக்கல.”

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ரேசரைக் கீழே வைத்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அன்று கத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

“யாரக் கேட்டுக் குடுத்த? அப்ப நான் எதுக்குடி அந்தப் பொட்டிய விட்டுட்டு வந்தேன்? ரெண்டும் போறதுக்கா?”

அம்மா உள்ளிருந்து ஓடி வந்தாள். நான் அழுதுகொண்டே, இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். “மொத நாளே ஏன்பா சரின்னு சொன்னீங்க? ஒன்னுமே கேக்காம ஏன் சொன்னீங்க?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். கோபம் எங்கேயோ வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது. கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்தார்.

“அன்னைக்கு எனக்கு டபுள் ஷிஃப்ட்டு. தூக்கம் கண்ணச் சுத்துது. நீ என்னமோ பழகப்போறேன்னு சொன்ன. நான் புல்லாங்கொழல் மாதிரி ஏதோ சின்ன சாமான்னு நெனச்சேன். மறுவாரம் நீ அத வெளிய எடுத்தப்பதான் பார்த்தேன். சரின்னு சொன்னதுக்கப்புறம் என்னா செய்ய?”

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப ஒங்களுக்குப் பிடிக்கலையா?” என்றேன்.

“எங்க பிடிக்குது? காது ரெண்டும் வலிக்குது. அதனாலதான் கொடையத் தூக்கிட்டு ரோட்டுக்கு எறங்குறேன். அம்மாவுக்கும் தலவலி. எங்களுக்குப் பிடிக்கலன்னா நீ ஊதக் கூடாதா? நாங்க பஜன பாடுறப்ப ஒனக்குப் பிடிச்சிச்சா? பேசாம தாளம் போட்டல்ல?”

வாரக்கணக்காக அந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் இனிமையாகவே பேசியிருந்தார்கள், நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை. காது வலிக்கிறது என்று அப்பா சொன்னதை உடனே நம்பினேன். பிடிக்காமல்தான் தாளம் போட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பேண்ட் மாஸ்டரிடம், “மூச்சு சரியாகிருச்சுங்க சார்” என்றார். அவர் ஒன்றும் கேட்காமல் ட்ரம்பெட் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதன்பிறகு வீட்டில் ஊதவில்லை. லயத்துக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆளில்லாத மேடு ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே போவேன். அக்கா துணைக்கு வந்து, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஃபோன் பார்ப்பாள். பஞ்சை என்னிடமிருந்து யாரும் ஒளிக்கவில்லை. அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லமுடியாது.

லயத்துப் பேச்சு அடங்க நாளானது. முதலில் பற்றவைத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கத்து அத்தைதான் என்று அக்கா அடித்துச் சொன்னாள். கீழ் வீட்டு அண்ணன்தான் என்றாள் அம்மா. மருமகனுக்குப் பெட்டி வாசிக்க ஆசை வந்ததால் தலைவரே கிளப்பிவிட்டார் என்று எனக்கு ஒரு எண்ணம். எதற்கும் சாட்சி கிடையாது. அத்தை இன்றைக்கும் என்னைக் கண்டால் நிறுத்தி நலம் விசாரிக்கிறார். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறேன், யோசித்து.

மார்கழியில் விடியற்காலை பஜனை. பனி கொட்டும் குளிரில் லயம் லயமாகப் பாடிக்கொண்டு போகவேண்டும். நான்காம் நாள் மருமகனுக்குத் தொண்டை கட்டி, விரல் விறைத்துப்போய்விட, வரமுடியாது என்றுவிட்டார். தலைவர் சாவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லி அம்மா தேத்தண்ணி கொடுத்தாள், சீனி குறைவாக.

“பழசெல்லாம் மனசுல வைக்காதீங்க” என்றார் தலைவர்.

“மக இன்னும் ஊதுறா” என்றார் அப்பா.

“கேக்குது, கேக்குது. மேல இருந்து கேக்குது. ஊதட்டும்.”

அவர் அவ்வளவு எளிதாக ‘ஊதட்டும்’ என்றது எனக்குப் பிடிக்கவில்லை. மார்கழி முடிந்ததும் பழையபடி ஏதாவது சொல்வார் என்று அப்பாவை உள்ளே கூப்பிட்டு எச்சரித்தேன். கொஞ்ச நாள் அவரைக் காக்கவைக்கும்படி அம்மாவும் சொன்னாள். “சொன்னா அப்பப் பார்த்துக்கலாம்” என்று அப்பா வெளியே போய்ச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். போட்டபிறகும் அதை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தை பிறந்த பிறகும் தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குப் புரியாத ஒன்றாகவே இருக்கிறது.

அதற்கடுத்து வந்த, பள்ளிக்கூட அணிகள் மோதும் இல்ல விளையாட்டுப் போட்டியில்தான் எங்கள் குழு முதன்முதலாகப் பொதுவில் வாசித்தது. பதுளை வெயிலில், தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டு, மைதானத்தைச் சுற்றி அணிவகுத்து வந்தோம். இரண்டாவது சுற்றில் பார்வையாளர் பக்கம் திரும்பியபோது மூவரையும் பார்த்தேன். வேலைக்குப் போகாமல், கோயிலுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மா பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெண்ணிடம் என்னைக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காட்டியது எனக்கு முன்னால் போன பிள்ளையை.

முடிந்ததும் வியர்வையோடு அவர்களிடம் ஓடினேன். உதடு தடித்துப் போயிருந்தது. அக்கா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். நான் அப்பாவைத்தான் பார்த்தேன்.

“எப்பிடிப்பா இருந்துச்சு?”

மைதானத்தில் அடுத்த ஓட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“சத்தமா இருந்துச்சு” என்றார். பிறகு, “ரெண்டாவது பாட்டுல எல்லாரும் முந்திட்டாங்க. நீ மட்டும் தாளத்துல நின்ன” என்றார்.

வடையும் பிளேன்டீயும் விற்கும் இடத்தைத் தேடி நால்வரும் நடந்தோம்.